முகவரியில் எழுதிய தலையெழுத்து: சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவில் கறுப்பரும் வெள்ளையரும்

மில்பிடாஸில் இருக்கும் கிரேட் மாலுக்குப் போகாத பே ஏரியா (சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதி) தமிழர்கள் குறைவு. ஊரிலிருந்து அப்பா அம்மா வந்து இறங்கினால், தூக்கக் கலக்கம் தெளிந்த முதல் சனிக்கிழமை அங்கேதான் கூட்டிப்போவோம். பேத்திக்கு கவுன், ஊரில் கொடுக்க நாலைந்து டி-ஷர்ட், பெரிய சூட்கேஸ் ஒன்று என்று வாங்கிக்கொண்டு ஒரு சுற்று வருவதற்குள் அம்மாக்களுக்கு முழங்கால் பிடித்துக்கொள்ளும். அவ்வளவு பெரிய கட்டடம். அது மாலாகப் பிறந்த கட்டடம் இல்லை. 1955 முதல் 1983 வரை அங்கே ஃபோர்டு நிறுவனத்தின் கார் ஆலை ஓடிக்கொண்டிருந்தது. ஆலையை மூடிப் பதினொரு வருடம் கழித்து, 1994-ல்தான் மாலாகத் திறந்தார்கள்.

மில்பிடாஸுக்கு வருவதற்கு முன் அந்த ஆலை வடக்கே ரிச்மண்டில் இருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது ரிச்மண்ட் ஊரே கப்பல் கட்டும் தளமாக மாறியது. கைசர் நிறுவனத்தின் தளங்களில் மட்டும் 747 கப்பல்களைக் கட்டி இறக்கினார்கள். 1940-ல் இருபத்து மூவாயிரம் பேர் இருந்த ஊரில் சில வருடங்களிலேயே ஒரு லட்சம் பேர் நெருக்கியடித்தார்கள். லூசியானா, டெக்சாஸ், ஆர்கன்சா என்று தெற்கு மாநிலங்களிலிருந்து கறுப்பினக் குடும்பங்கள் ரயிலேறி வந்தன. போர் முடிந்ததும் கப்பல் வேலை போய்விட்டது. ஃபோர்டு வேலை கிடைத்தவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள்.

ஆலை மில்பிடாஸுக்கு நகர்ந்தபோது வெள்ளைத் தொழிலாளிகளுக்குப் பெரிய சிக்கல் இல்லை. ஆலையைச் சுற்றிப் புதிதாக முளைத்த குடியிருப்புகளில், அரசு உத்தரவாதம் கொடுத்த வீட்டுக்கடனில் வீடு வாங்கிக் குடிபோனார்கள். கறுப்பினத் தொழிலாளிக்கும் அதே வேலை, அதே சங்கம், அதே சம்பளம்தான். வீடு மட்டும் கிடைக்கவில்லை. நாலைந்து பேர் சேர்ந்து ஒரே காரில் ரிச்மண்டிலிருந்து எண்பது கிலோமீட்டர் போய், ஷிப்ட் முடிந்து எண்பது கிலோமீட்டர் திரும்பி, வருடக்கணக்கில் ஓட்டினார்கள்.

அமெரிக்காவில் கறுப்பருக்கும் வெள்ளையருக்கும் இடையில் குடும்பம், சொத்து, ஆயுள், மனப்பான்மை என்று எதை எடுத்தாலும் ஓர் இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளிக்கு நம்மவர் வீட்டுக் கூடங்களில் கிடைக்கும் விளக்கம் பெரும்பாலும் ஒரே வரிதான்: "அவங்க கலாச்சாரம் அப்படி." இந்த ஊரில் பல வருடம் இருந்து, பார்த்து, படித்த பிறகு எனக்கு அந்த வரியைக் கேட்டாலே வலிக்கிறது. ஒவ்வொரு இடைவெளியின் நூலையும் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போனால், முக்கால்வாசி நேரம் ஒரு வீட்டு வாசலில் போய் நிற்கிறோம்.

ஒரு பக்கப் படிவம்

1930-களின் பெருமந்தத்தில் லட்சக்கணக்கானோர் வீட்டுக்கடன் கட்ட முடியாமல் தவித்தபோது, ரூஸ்வெல்ட் அரசு 1933-ல் வீட்டுக்கடன் கழகம் ஒன்றை அமைத்தது. அந்தக் கழகம் இருநூறுக்கும் மேற்பட்ட நகரங்களுக்கு வரைபடம் போட்டது. நல்ல பகுதிக்குப் பச்சை, அடுத்ததற்கு நீலம், சரிந்துவரும் பகுதிக்கு மஞ்சள், கடன் கொடுத்தால் ஆபத்து என்பதற்குச் சிவப்பு.

ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பக்கப் படிவம் நிரப்பினார்கள். ஓக்லண்ட், பெர்க்லி படிவங்களை இன்று யாரும் இணையத்தில் பார்க்கலாம். டைப்ரைட்டரில் அடித்தவை. நிலம் மேடா பள்ளமா, வீடுகளுக்கு எத்தனை வயது, வாடகை எவ்வளவு என்று கேள்விகள் போகும். நடுவில் 'வசிப்போர்' என்று ஒரு பகுதி வரும். என்ன தொழில், என்ன வருமானம், வெளிநாட்டில் பிறந்தவர் எத்தனை சதவீதம், நீக்ரோ உண்டா இல்லையா, உண்டென்றால் எத்தனை சதவீதம். அடுத்த கட்டத்தில் 'ஊடுருவல்' என்று போட்டு, யாருடையது என்று எழுத ஒரு கோடு விட்டிருப்பார்கள். வாடகை கொடுத்துக் குடியேறும் ஒரு குடும்பத்துக்கு, எல்லை தாண்டும் படைக்குச் சொல்லும் சொல்! முதல்முறை பார்த்தபோது அந்தக் கட்டத்தைத் தாண்டி என்னால் உடனே படிக்க முடியவில்லை.

இந்த வரைபடங்களின் தலையிலேயே எல்லாப் பழியையும் கட்டுவது சரியல்ல. சிவப்புப் பகுதிகளில் அன்று வசித்தவர்களில் பெரும்பாலோர் ஏழை வெள்ளையர். அந்தக் கழகமே கறுப்பினத்தவர் சிலருக்குக் கடன் கொடுத்தும் இருக்கிறது. பெரிய கேட்டைச் செய்தது 1934-ல் வந்த கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகம். வங்கி கொடுக்கும் வீட்டுக்கடனுக்கு அரசு உத்தரவாதம் தரும் அமைப்பு அது. உத்தரவாதம் இருந்தால் முன்பணம் குறைவு, தவணைக்காலம் நீளம். சாதாரணத் தொழிலாளி வாழ்க்கையில் முதல்முறையாகச் சொந்த வீடு வாங்கக் காரணமே இந்தத் திட்டம்தான். ஆனால் ஒரு குடியிருப்பு நிலையாக இருக்க வேண்டுமானால் அங்கே அதே வர்க்கத்தினர், அதே இனத்தவர்தான் தொடர்ந்து குடியிருக்க வேண்டும் என்று அதன் 1938-ஆம் ஆண்டுக் கையேடு எழுத்துபூர்வமாகச் சொன்னது. அதை உறுதிசெய்ய வீட்டுப் பத்திரத்திலேயே இனக் கட்டுப்பாடு எழுதுவதையும் ஆதரித்தது.

அப்படி ஒரு பத்திரத்தை நான் கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். நண்பர் ஒருவர் ஓக்லண்டை ஒட்டிய ஊரில் 1940-களில் கட்டிய வீட்டை வாங்கினார். கையெழுத்துக்கு முன் வந்த காகிதக் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தவர் ராத்திரி பத்து மணிக்கு என்னைக் கூப்பிட்டார். "சார், இதக் கொஞ்சம் வந்து படிங்களேன்." முதல் பக்கத்தில் தடித்த எழுத்தில் ஓர் அறிவிப்பு: இந்த ஆவணத்தில் இனம், நிறம், மதம் முதலியவற்றின் அடிப்படையில் ஏதேனும் தடை இருந்தால் அது செல்லாது. கலிஃபோர்னியா சட்டப்படி ஒட்ட வேண்டிய பக்கம் அது. உள்ளே, வேலி எத்தனை அடி உயரம் இருக்கலாம் என்பதற்கும் கோழி வளர்க்கக் கூடாது என்பதற்கும் இடையில் அந்த வரி. வெள்ளை இனத்தவர் தவிர வேறு எவரும் இந்த மனையில் குடியிருக்கக் கூடாது. வீட்டு வேலைக்காரர்கள் மட்டும் விதிவிலக்கு. நண்பருக்கு மதுரை. கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "அப்ப நான் இந்த வீட்ல வேலைக்காரனா மட்டும்தான் இருந்திருக்கலாம், இல்லையா?" என்றார்.

ஆமாம், அப்படித்தான். வைஷ்ணோ தாஸ் பகாய், கலா பகாய் என்ற பஞ்சாபித் தம்பதி 1915-ல் குழந்தைகளோடு வந்து, பெர்க்லியில் வீடு வாங்கிக் குடியேறப் போனார்கள். அக்கம்பக்கத்தார் அவர்கள் உள்ளே வர முடியாதபடி வீட்டைப் பூட்டிவைத்திருந்தார்கள். 1923-ல் பகத் சிங் திண்ட் வழக்கில், இந்தியர் 'வெள்ளையர்' ஆக மாட்டார் என்று உச்ச நீதிமன்றம் சொன்னதும் பகாயின் குடியுரிமை பறிபோனது. 1928-ல் அவர் தற்கொலை செய்துகொண்டார். பெர்க்லி நகர மையத்தில் ஒரு சாலைக்குக் கலா பகாய் பெயரை 2020-ல்தான் வைத்தார்கள்.

பத்திரக் கட்டுப்பாடுகளை நீதிமன்றம் அமல்படுத்தக் கூடாது என்று 1948-ல் தீர்ப்பு வந்தது. வீடு விற்பதில் இனபேதம் குற்றம் என்று நாடு முழுவதற்குமான சட்டம் வர, மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்டுச் சாக வேண்டியிருந்தது. 1968 ஏப்ரல் 4-ல் அவர் இறந்தார். ஏப்ரல் 11-ல் சட்டம் கையெழுத்தானது.

குரோவ் தெருவுக்கு மேற்கே

பெர்க்லி என்றதும் பல்கலைக்கழகம், போராட்டம், முற்போக்கு என்றுதான் மனதில் வரும். ஆனால் ஒரு மனையில் ஒரு குடும்பத்துக்கான தனிவீடு மட்டுமே கட்டலாம் என்ற விதியை அமெரிக்காவிலேயே முதலில் கொண்டுவந்த ஊர்களில் ஒன்று இதே பெர்க்லி. ஆண்டு 1916. நேரடியாக இனத்தைச் சொல்லி ஊரைப் பிரிக்கும் சட்டங்கள் செல்லாது என்று மறு வருடமே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பணத்தால் பிரிக்கும் இந்த விதிக்குத் தடை வரவில்லை. அடுக்குக் குடியிருப்பு வராது, ஆகவே வாடகைக்காரரும் வரமாட்டார்.

ஊருக்குள் ஒரு கோடு இருந்தது. இன்று மார்ட்டின் லூதர் கிங் வழி என்று பெயர் மாற்றிய அன்றைய குரோவ் தெரு. கறுப்பினத்தவருக்கும் ஜப்பானியருக்கும் அதற்கு மேற்கே, கடலோரச் சமவெளியில்தான் வீடு. கிழக்கே மலைப்பக்கம் வெள்ளையருக்கு. அந்த மேற்குப் பக்கத்தில் மருந்துக்கடை வைத்திருந்தவர் பைரன் ரம்ஃபோர்ட். 1948-ல் மாநிலச் சட்டமன்றத்துக்குத் தேர்வானார். வடக்குக் கலிஃபோர்னியாவிலிருந்து அங்கே போன முதல் கறுப்பினத்தவர். வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் இனபேதம் கூடாது என்ற சட்டத்தை 1963-ல் நிறைவேற்றிக் காட்டினார்.

ரியல் எஸ்டேட் சங்கங்கள் சும்மா இருக்கவில்லை. அந்தச் சட்டத்தை ரத்து செய்ய 1964 நவம்பரில் மக்கள் வாக்கெடுப்பு நடத்தவைத்தார்கள். அதே நாளில்தான் அதிபர் தேர்தலும். சிவில் உரிமைச் சட்டத்தில் கையெழுத்திட்ட லிண்டன் ஜான்சனுக்குக் கலிஃபோர்னியர்கள் 59 சதவீத வாக்கைக் கொடுத்தார்கள். அதே வாக்குச்சீட்டில், விரும்பாதவருக்கு வீடு விற்க மறுப்பது என் உரிமை என்பதற்கு ஏறக்குறைய 65 சதவீதம் பேர் ஆதரவு தந்தார்கள். மனப்பான்மை பற்றி எத்தனை கருத்துக்கணிப்பு எடுத்தாலும் எனக்கு இந்த ஒரு நாள் போதும். உணவகத்தில் பக்கத்து மேசையில் உட்காரலாம், வாக்களிக்கலாம், பக்கத்து வீட்டுக்கு மட்டும் வரக் கூடாது. அந்த வாக்கெடுப்பு செல்லாது என்று 1967-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

அந்த வாக்கெடுப்புக்கு இரண்டு வாரம் முன்பு ஓக்லண்டில் ஒரு குழந்தை பிறந்தது. அம்மா சியாமளா கோபாலன், பத்தொன்பது வயதில் பெர்க்லிக்குப் படிக்க வந்த தமிழ்ப் பெண். அப்பா ஜமைக்காவிலிருந்து வந்த பொருளாதார ஆய்வாளர். குழந்தை கமலா. பெற்றோர் பிரிந்த பிறகு சியாமளா இரண்டு பெண்களோடு குடியிருந்தது பெர்க்லியின் பான்கிராஃப்ட் வழியில், மேற்குச் சமவெளியில். முனைவர் பட்டம் வாங்கிய புற்றுநோய் ஆராய்ச்சியாளருக்கும் வீடு அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம்தான். வார இறுதியில் பாலோ ஆல்டோவில் அப்பா வீட்டுக்குப் போனால், நாங்கள் கறுப்பர் என்பதால் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளை எங்களோடு விளையாட விடமாட்டார்கள் என்று கமலா ஹாரிஸ் பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

வீடு கிடைக்காததன் விலை அன்றோடு முடிவதில்லை. 1950-ல் பத்தாயிரம் டாலருக்கு வாங்கிய பே ஏரியா வீடு இன்று பத்து லட்சத்தைத் தாண்டும். அந்த வீட்டை அடமானம் வைத்துப் பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பலாம், பேரனுக்கு முன்பணம் கொடுக்கலாம். வாடகை கட்டியவருக்கு எதுவும் மிஞ்சாது. அமெரிக்க மத்திய வங்கியின் 2022 கணக்கெடுப்பில், சொத்து வரிசையில் நடுவில் நிற்கும் வெள்ளைக் குடும்பத்திடம் 2,85,000 டாலர், அப்படி நடுவில் நிற்கும் கறுப்பினக் குடும்பத்திடம் 44,900. வெள்ளையரில் நூற்றுக்கு எழுபதுக்கு மேற்பட்டோருக்குச் சொந்த வீடு, கறுப்பரில் நாற்பத்தைந்து பேருக்கு. 1960-ல் இருந்த இடைவெளி இன்றுவரை குறையவே இல்லை.

'அப்பா இல்லாத குடும்பம்'

நம்மவர் அதிகம் பேசுவது குடும்பத்தைப் பற்றித்தான். "கல்யாணம் பண்ணிக்கிறதில்ல, அப்பா யாருன்னே தெரியாது" என்று சர்வசாதாரணமாகச் சொல்வார்கள். புள்ளிவிவரமும் கையில் இருக்கும்: கறுப்பினக் குழந்தைகளில் ஏறத்தாழ எழுபது சதவீதம் மணமாகாத தாய்க்குப் பிறக்கிறது.

எண் சரிதான். அதற்கு முன்னும் பின்னும் நடந்தவற்றையும் பார்க்க வேண்டும். அடிமை முறை இருந்தவரை கறுப்பரின் திருமணத்தைச் சட்டம் அங்கீகரிக்கவில்லை. கணவனை ஒருவனுக்கும் மனைவியை வேறொருவனுக்கும் விற்கலாம். 1865-ல் விடுதலை கிடைத்ததும் அவர்கள் செய்த முதல் காரியங்களில் ஒன்று, கூட்டம் கூட்டமாகப் போய்த் திருமணத்தைப் பதிவுசெய்தது. இன்னொன்று, விற்கப்பட்ட சொந்தங்களைத் தேடியது. நியூ ஆர்லியன்ஸிலிருந்து வந்த ஒரு கிறிஸ்தவப் பத்திரிகை 1870-களின் பிற்பகுதியிலிருந்து இதற்கென்றே ஒரு பத்தி நடத்தியது. அம்மாவின் பெயர் இது, எங்கள் எஜமானர் இன்னார், என்னை இன்ன ஊர்ச் சந்தையில் விற்றபோது எனக்கு இத்தனை வயது, யாருக்காவது தெரிந்தால் எழுதவும் என்று முப்பது, நாற்பது வருடம் கழித்தும் விளம்பரம் கொடுத்திருக்கிறார்கள். குடும்பத்தை மதிக்காத கலாச்சாரம் என்று பேசுகிறவர் அந்தப் பத்தியில் நாலைந்தைப் படித்துவிட்டு வரட்டும்.

1960-லும் கறுப்பினக் குழந்தைகளில் மூன்றில் இரண்டு பங்கு அப்பா அம்மா இருவரோடும்தான் வளர்ந்தது. சரிவு அதன் பிறகு வந்தது. காரணங்கள் கண்ணுக்குத் தெரிகிறவை. ரிச்மண்ட், ஓக்லண்ட், டெட்ராய்ட் என்று ஆலைகள் ஊரை விட்டுப் புறநகருக்குப் போயின, பிறகு நாட்டை விட்டே போயின. பின்னாலேயே சிறை வந்தது. 1986-ன் போதைப்பொருள் சட்டம், ஏழைத் தெருக்களில் விற்ற கிராக் கொக்கேயின் ஒரு கிராமுக்கும் பணக்காரர் பயன்படுத்திய தூள் கொக்கேயின் நூறு கிராமுக்கும் ஒரே தண்டனை வைத்தது. இரண்டும் வேதியியலில் ஏறக்குறைய ஒரே பொருள். அந்த நூறுக்கு ஒன்றை 2010-ல்தான் பதினெட்டுக்கு ஒன்றாகக் குறைத்தார்கள். கல்யாண வயதில் இருக்கும் ஆண்களில் ஒரு பெரும் பகுதியை வேலையிலிருந்தும் தெருவிலிருந்தும் அள்ளிக்கொண்டு போன பிறகு, பெண்கள் யாரை மணந்துகொள்வார்கள்?

1965-ல் டேனியல் பேட்ரிக் மொய்னிஹன் என்ற அரசு அதிகாரி கறுப்பினக் குடும்பம் சிதைகிறது என்று அபாயமணி அடித்து அறிக்கை எழுதினார். வேலையின்மையை அவரே காரணமாகச் சொல்லியிருந்தாலும் ஊருக்கு நினைவில் நின்றது 'சிதைவு' என்ற சொல்தான். அப்போது மணமாகாத தாய்க்குப் பிறந்த கறுப்பினக் குழந்தைகள் நாலில் ஒன்று. இன்று வெள்ளையரிடையே அந்த விகிதம் நாலில் ஒன்றைத் தாண்டிவிட்டது. ஆலை மூடிய வெள்ளை ஊர்களிலும் இதே கதைதான். அங்கே அதைக் கலாச்சாரம் என்று யாரும் சொல்வதில்லை, பொருளாதாரம் என்கிறார்கள்.

மணமாகவில்லை என்றால் அப்பா இல்லை என்பதும் தவறு. நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் ஆய்வு ஒன்று 2013-ல் வெளியானது. ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளையோடு ஒரே வீட்டில் வாழும் அப்பாக்களில், தினமும் குளிப்பாட்டுவது, உடுத்திவிடுவது, டயப்பர் மாற்றுவது என்று செய்பவர்கள் கறுப்பரில் 70 சதவீதம், வெள்ளையரில் 60. நம்ம ஊர் அப்பாக்களைக் கணக்கெடுத்தால் எவ்வளவு வரும் என்று யோசித்துப் பாருங்கள்.

பான்கிராஃப்ட் வழி வீட்டுக்குத் திரும்புகிறேன். சியாமளா ஆய்வகத்தில் இருக்கும்போது கமலாவையும் தங்கை மாயாவையும் பார்த்துக்கொண்டவர் ரெஜினா ஷெல்டன், லூசியானாவிலிருந்து வந்தவர், அந்தத் தெருவிலேயே குழந்தைகள் காப்பகம் நடத்தியவர். ரத்த உறவு கிடையாது. அந்தப் பிள்ளைகளுக்கு அவர் இரண்டாவது அம்மா. 2021-ல் துணை அதிபராகக் கமலா கை வைத்துப் பதவியேற்றது ஷெல்டன் அம்மாவின் பைபிளில். அதற்கு முந்தைய வருடம் கட்சி மாநாட்டில் அவர் "சித்தி" என்று சொன்னதும் நாம் எல்லோரும் துள்ளிக் குதித்தோம். ஷெல்டன் அம்மாவும் அந்தத் தெருவின் சித்திதான். தனித்தாய் குடும்பம் என்று கணக்கெடுப்பில் ஒரு கட்டத்தில் டிக் போட்டுவிட்டால், தெருவே சேர்ந்து பிள்ளை வளர்த்த இந்த முறை எங்கேயும் பதிவாகாது.

580-ல் லாரி ஓடாது

ஓக்லண்டைக் கடக்கும் இரண்டு நெடுஞ்சாலைகளில் தினமும் போகிறவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். மலையடிவாரத்தில் போகும் 580-ல் கனரக லாரிகள் கிடையாது. அறுபது வருடமாகத் தடை. எல்லா லாரியும் கீழே, சமவெளியில் போகும் 880-ல்தான். மேலே இருப்பவை அன்றைய வரைபடத்தில் பச்சையும் நீலமுமாக இருந்த பகுதிகள், கீழே சிவப்பு. மேற்கு ஓக்லண்டுக்கு ஒரு பக்கம் துறைமுகம். 1957-ல் குடியிருப்பின் நடுவே இரண்டடுக்கு சைப்ரஸ் மேம்பாலத்தைக் கட்டினார்கள். 1989 அக்டோபர் நிலநடுக்கத்தில் அது இடிந்து 42 பேர் செத்தார்கள். மறுபடி அதே இடத்தில் கட்டாதே என்று குடியிருந்தவர்கள் போராடியதால்தான் பாதை தள்ளிப் போனது. மேற்கு ஓக்லண்டில் பிறக்கும் கறுப்பினக் குழந்தை, சில மைல் தள்ளி ஓக்லண்ட் மலையில் பிறக்கும் வெள்ளைக் குழந்தையைவிடப் பதினைந்து வருடம் முன்னதாக இறக்க வேண்டிவரும் என்று அலமேடா மாவட்டச் சுகாதாரத் துறை 2008-ல் கணக்குப் போட்டுச் சொன்னது.

புகை, வறுமை, மருத்துவக் காப்பீடு இல்லாமை என்று இதுவரை புரிகிறது. ஆனால் பிரசவக் கணக்கு இதற்குள் அடங்குவதில்லை. 2022-ல் அமெரிக்காவில் ஆயிரம் பிறப்புக்கு வெள்ளையரில் 4.5 சிசுக்கள் முதல் பிறந்தநாளுக்கு முன் இறந்தன, கறுப்பரில் 10.9. பேறுகால மரணம் லட்சம் பிறப்புக்கு வெள்ளையரில் 19, கறுப்பரில் 49.5. படித்து, சம்பாதித்து, நல்ல இடத்தில் வீடு வாங்கிவிட்டால் இது மறையும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்போம். மறையவில்லை. பட்டம் பெற்ற கறுப்பினத் தாயின் குழந்தை இறக்கும் வாய்ப்பு, பள்ளிப்படிப்பை முடிக்காத வெள்ளைத் தாயின் குழந்தையைவிட அதிகம்.

அப்படியானால் மரபணுவா? அதையும் பார்த்துவிட்டார்கள். இல்லினாய் மாநிலப் பிறப்புப் பதிவுகளை வைத்து 1997-ல் வந்த ஆய்வில், ஆப்பிரிக்காவில் பிறந்து அமெரிக்காவுக்கு வந்த பெண்களின் குழந்தைகளுடைய எடை, அமெரிக்கக் கறுப்பரின் குழந்தைகளைவிட வெள்ளையரின் குழந்தைகளுக்கே நெருக்கமாக இருந்தது. மரபணு காரணம் என்றால் நேர்மாறாக இருந்திருக்க வேண்டும். அதே ஆய்வாளர்கள் அடுத்த தலைமுறையைப் பார்த்தபோது, ஆப்பிரிக்காவிலிருந்தும் கரீபியனிலிருந்தும் வந்த அந்தப் பெண்களின் அமெரிக்காவில் பிறந்த மகள்களுக்கு எடை குறைந்த குழந்தைகள் கூடியிருந்தன. ஒரே தலைமுறையில் உடம்பில் ஏறும் இதற்கு ஆர்லின் ஜெரோனிமஸ் என்ற ஆய்வாளர் 1990-களிலேயே 'வெதரிங்' என்று பெயர் வைத்தார். வெயிலிலும் மழையிலும் கிடந்து சுவர் அரிப்பதுபோல உடம்பு அரிப்பது என்று பொருள். கடையில் பின்தொடரும் காவலாளி, காரை நிறுத்தும் போலீஸ், வேலைக்குப் போன மகன் வீடு திரும்பும்வரை போனையே பார்த்துக்கொண்டிருக்கும் அம்மா. ரத்த அழுத்தம் அன்றாடம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி இறங்கி, முப்பது வயதில் நாற்பதின் உடம்பு ஆகிவிடுகிறது.

மருத்துவமனைக்குள் போனாலும் கருவியே நிறம் பார்க்கிறது. கோவிட் காலத்தில் எல்லோரும் வாங்கி விரலில் மாட்டிக்கொண்டோமே, ஆக்சிமீட்டர். அது தோலுக்குள் ஒளியைச் செலுத்தி ஆக்சிஜனை அளக்கிறது. கறுத்த தோலில் அளவு கூடக் காட்டும். ரத்தத்தில் ஆக்சிஜன் ஆபத்தான அளவுக்குக் குறைந்திருந்தும் கருவி பரவாயில்லை என்று காட்டியது, கறுப்பின நோயாளிகளில் ஏறத்தாழ 12 சதவீதம், வெள்ளையரில் 4 சதவீதத்துக்கும் குறைவு என்று 2020-ல் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் கண்டார்கள். இது நமக்கும் பொருந்தும். திருநெல்வேலி வெயிலில் கறுத்த என் பெரியப்பாவின் விரலும் அந்த ஒளிக்கு ஒன்றுதான்.

சிறுநீரகக் கணக்கு இன்னும் கொடுமை. ரத்தத்தில் இருக்கும் கிரியாட்டினின் என்ற கழிவுப்பொருளின் அளவிலிருந்து சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று கணிக்கும் சூத்திரத்தில், நோயாளி கறுப்பினத்தவர் என்றால் விடையைச் சற்றுக் கூட்டிப் போடும் வழக்கம் 2021 வரை இருந்தது. அதனால் நோய் முற்றியவருக்கும் கணக்கில் பரவாயில்லை என்று வரும், மாற்றுச் சிறுநீரகத்துக்கான வரிசையில் பெயர் ஏறுவது தள்ளிப்போகும். சூத்திரத்தை மாற்றிய பிறகு, இழந்த காத்திருப்புக் காலத்தைத் திருப்பிக் கொடுக்கும் வேலை 2023-ல் தொடங்கியது. ஆயிரக்கணக்கானோர் வரிசையில் முன்னே நகர்ந்தார்கள். அதற்குள் இறந்தவர்களுக்கு எந்த வரிசையும் இல்லை.

கறுப்பினத்தவர் டாக்டரை நம்புவதில்லை, தடுப்பூசிக்குத் தயங்குகிறார்கள் என்று கோவிட் காலத்தில் பேசினார்கள். அலபாமாவின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை, சிபிலிஸ் நோய் இருந்த 399 கறுப்பின ஆண்களுக்கு அரசுச் சுகாதாரத் துறையே உண்மையைச் சொல்லாமல், பெனிசிலின் வந்த பிறகும் சிகிச்சை கொடுக்காமல், சாகும்வரை வேடிக்கை பார்த்தது. நம்பிக்கையின்மையை மனப்பான்மை என்று ஒரு நெடுவரிசையில் எழுதுகிறோம். அவர்கள் வீட்டில் அது தாத்தாவின் நினைவு.

வெள்ளையரின் மனப்பான்மை மாறவில்லை என்று சொல்ல முடியாது. கறுப்பரும் வெள்ளையரும் மணந்துகொள்வதை ஏற்ற அமெரிக்கர்கள் 1958-ல் கேலப் கருத்துக்கணிப்பில் 4 சதவீதம், 2021-ல் 94. நான் அதை உண்மையான மாற்றமாகவே எடுத்துக்கொள்கிறேன். ஆனால் மகளின் கல்யாணத்தை ஏற்றுக்கொள்ளும் அதே ஆள், தன் தெருமுனையில் நான்கு மாடி அடுக்குக் குடியிருப்பு வரும் என்றால் நகரமன்றக் கூட்டத்துக்குப் போய் மைக்கைப் பிடிக்கிறார். போக்குவரத்து நெரிசல், நிழல் விழும், தெருவின் தன்மை கெடும் என்பார். இனம் என்ற சொல்லே வராது. பெர்க்லி நகரமன்றம் 1916-ன் தனிவீட்டு விதியைக் கைவிடுவதாகத் தீர்மானம் போட்டது 2021-ல்தான்.

நம்மவரும் இதற்கு வெளியே இல்லை. வீடு தேடும்போது நம் வாட்ஸ்அப் குழுக்களில் வரும் கேள்விகள் தெரியும்தானே? ஸ்கூல் ரேட்டிங் பத்தா, "நம்ம ஆளுங்க" இருக்காங்களா, "அந்த ஏரியா" பக்கமா? நான் வீடு பார்த்தபோது நானும் கேட்டேன். நாம் இரண்டே தலைமுறையில் முன்னேறினோமே, அவர்களால் ஏன் முடியவில்லை என்ற கேள்வியும் அங்கேதான் எழும். 1965 குடியேற்றச் சட்டம் பட்டதாரிகளையும் பொறியாளர்களையும் மருத்துவர்களையும் பொறுக்கியெடுத்து உள்ளே விட்டது. வாசலிலேயே வடிகட்டி விட்ட கூட்டத்தை, கப்பலில் கட்டி இழுத்துவந்த கூட்டத்தின் பேரப்பிள்ளைகளோடு ஒப்பிடுகிறோம். அந்தச் சட்டத்துக்கும், நம் பத்திரத்தின் இன வரியைச் செல்லாததாக்கிய தீர்ப்புகளுக்கும் தெருவில் நின்று அடிவாங்கியவர்கள் அவர்கள். மில்பிடாஸையே எடுத்துக்கொள்ளுங்கள். 1950-களில் ஃபோர்டு தொழிற்சங்கம், எல்லா இனத்தவருக்கும் வீடு விற்போம் என்று சன்னிஹில்ஸ் குடியிருப்பைப் போராடிக் கட்டவைத்தது. அந்தப் போராட்டத்தில் முன்னின்ற தொழிலாளி பென் குரோஸ் 1966-ல் மில்பிடாஸ் மேயரானார். அப்போது ஊரில் பெரும்பாலோர் வெள்ளையர். இன்று அதே ஊரில் நம்மவர்கள் பொங்கல் கொண்டாடுகிறார்கள்.

பழைய கதை என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். கோல்டன் கேட் பாலத்தைத் தாண்டினால் மரின் சிட்டி. அதுவும் போர்க்காலக் கப்பல் தொழிலாளிகளுக்காகக் கட்டிய ஊர். அங்கே ஒரு கறுப்பினத் தம்பதி சொந்த வீட்டைப் பெரிதாக்கிப் புதுப்பித்து, 2020-ல் மறுகடனுக்காக மதிப்பீட்டாளரை வரவழைத்தார்கள். பத்து லட்சம் டாலருக்குச் சற்றுக் குறைவாக எழுதிக் கொடுத்தார். கணக்கு இடித்தது. சில வாரம் கழித்து வேறொரு மதிப்பீட்டாளர் வருவதற்கு முன், சுவரில் இருந்த குடும்பப் படங்களையெல்லாம் கழற்றி மறைத்தார்கள். வெள்ளைத் தோழி ஒருவர் தன் குடும்பப் படங்களைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, வீட்டுக்காரராக வாசலில் நின்று வரவேற்றார். இந்த முறை வந்த மதிப்பு கிட்டத்தட்ட ஐந்து லட்சம் டாலர் அதிகம்.